வெரட்டுன மயிலு எங்கிட்டு போகுது

அக்டோபர் 6, திங்கள். விராலிமலை.
மூட்டம். மழை இல்லை. துணி காயவே இல்லை.
ஆய்வுக் கமிட்டி 22ஆம் தேதி, திருச்சியில். போன தடவை கைடு சார் சொன்னது இன்னும் காதில்: "தகவல் நெறைய வச்சிருக்கம்மா. கேள்விதான் இல்ல. இந்தத் தடவையும் இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."
என் பிஎச்.டி: மயிலும் கடலை விவசாயிகளும். கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பித்தது. நடுவில் யாழினி பிறந்தாள்.
சிங்கப்பூரிலிருந்து அவர் போன். ஒரு ஏஐ ஆப் இறக்கச் சொன்னார். நம் குறிப்புகளைப் போட்டால் படித்துவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லுமாம்.
போட வேண்டியது: பேட்டி ரெக்கார்டிங். நோட்டுப் பக்கம் எல்லாம் போட்டோ. பாப்பா தூங்கும்போது.

7, செவ்வாய்
தூறல். எல்லாம் ஏற்றியாச்சு. என் கையெழுத்து அதற்குப் புரிகிறது. எனக்கே சில இடம் புரியவில்லை.
கேட்டேன்: என் ஆய்வுக் கேள்வி என்ன?
"இந்த ஆவணங்களில் ஆய்வுக் கேள்வி எதுவும் தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை."
சாரே தேவலை. கோபமாவது பட்டார்.
பால் பொங்கி அடுப்பெல்லாம்.

9, வியாழன்
இளவெயில். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே அதில் ஒரு பட்டனைத் தொட்டேன். நாம் போட்டதை வைத்து இரண்டு பேர் பேசுகிற மாதிரி செய்து தருகிறது. ஒரு ஆண், ஒரு பெண். ரேடியோ மாதிரி.
அன்னவாசல் பக்கத்துக் கடலைக் கொல்லைகள். மயிலை விரட்டத் தகர டப்பா தட்டுகிறவர்கள். வேலியில் கட்டிய பழைய சேலை. எப்போதோ வெயிலில் கிறுக்கினது எல்லாம் அவர்கள் வாயில். "இந்த ஆய்வாளர் கவனித்திருக்கிறார்..."
யாரோ ஒரு பெண் போல. தொப்பி போட்டு, பஸ்ஸில் கடைசி சீட்டில், ஜன்னலோரம். நல்லாத்தான் செய்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். கையில் கொத்தமல்லி அப்படியே.
மலர் மதினி (அவர் அக்கா, எங்களோடுதான் இருக்கிறார்) தையல் மெஷினை நிறுத்தினார்.
"யாரப் பத்திப் பேசுறாங்க?"
"என்னயப் பத்தித்தான் மதினி."
"ஒன்னயவா!"
முதலிலிருந்து போடச் சொன்னார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டோம். முடிந்ததும்,
"எல்லாரும் மயில வெரட்டுறதையே சொல்றாங்களே. வெரட்டுன மயிலு எங்கிட்டு போகுது?"
எழுந்து போய் மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டார். நான் அங்கேயே.

10, வெள்ளி
மதினி கேட்டதை அப்படியே அதில் கேட்டேன். பதிலில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு சின்ன எண். தொட்டால் என் குறிப்பே திறக்கிறது. பொன்னமராவதி அக்கா: "பக்கத்துக் கொல்லைக்குப் போகும்." பக்கத்துக் கொல்லைக்காரர்: "அங்கிட்டு எங்கயாச்சும் போகட்டும்." எல்லார் பேச்சிலும் இதே. ஒருத்தரும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. நானும்தான்.
ஒன்று மட்டும் வேறு: "மயில்கள் இரவில் மலைக்கு மேலே கூடிப் பேசுவதாக ஒரு விவசாயி கூறுகிறார்."
எந்த விவசாயி? எண்ணைத் தொட்டேன். பாப்பா வயிற்றில் இருந்தபோது நான் கண்ட கனவு. நோட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.
அந்தப் பக்கத்தை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டேன். மனசே இல்லை. இனி எல்லா எண்ணையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

22, புதன்
மழை. தெருவெல்லாம் நனைந்த தீபாவளி வெடிக் காகிதம். பஸ் லேட். சேலை முழங்கால் வரை ஈரம்.
"உங்க கேள்வி என்ன?"
சொன்னேன். விரட்டின மயில் எங்கே போகிறது, அதுதான்.
வெளி யுனிவர்சிட்டியிலிருந்து வந்த மேடம்: "பின்னாலயே போய்ப் பாக்கப் போறீங்களா?"
"ஆமா மேடம்." சொல்லும்போதுதான் முடிவு செய்தேன்.
சார் கண்ணாடியைக் கழற்றினார். "இத ஏம்மா இத்தன நாளாச் சொல்லல?"
"கேட்டது எங்க மதினி சார்."
சிரித்துவிட்டார்கள். ஒரு வருஷம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்.
வரும் வழியில் மதினிக்கு அல்வா.

24, வெள்ளி
விடிகிற நேரம். பனி மாதிரி மூட்டம். வரப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பா மதினியிடம். போன் பையில்.
கடலைச் செடிக்குள்ளே கழுத்துகள். நீலமா பச்சையா தெரியவில்லை. கனவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈரம்தான்.
கொல்லைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "தட்டவா ஆத்தா?"
"தட்டுங்கண்ணே."
டப்பா. எல்லாம் ஒன்றாக எழும்புகின்றன. எவ்வளவு கனமான இறக்கைச் சத்தம். வேலியைத் தாண்டி, கிழக்கே.
செருப்பைக் கையில் எடுத்தாச்சு. போறேன்