பக்கத்து வீட்டுப் பிள்ளை

தாது வருடம், ஆடி 5

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது வந்தது தாது வருடப் பஞ்சம். அறுபது வருடம் சுற்றி இப்போது மறுபடியும் தாது. ஐந்தாம் ஜார்ஜ் ராஜா போன தையில் செத்தார். அதற்கடுத்த மாசியில் என் மகன் ராபர்ட் காய்ச்சலில் போனான்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், அடுத்த வீட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பக்கீர் முகமது எழுதுகிறார். எதற்கென்றால், ராபர்ட் பெண்டாட்டி ஞானபாக்கியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் ஆகிற படிப்பில் சேர்ந்திருக்கிறாள். ஆளுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு, அது தின்பது, விளையாடுவது, பயப்படுவது எல்லாவற்றையும் வருடம் முழுக்க எழுதிக் காட்ட வேண்டுமாம். அதுவும் ஒரு பாடம். பிள்ளைக்காரிகளை விடுதியில் சேர்ப்பதில்லை. இவள் பிள்ளை இல்லை என்று சொல்லிச் சேர்ந்தாள். தன் மகள் அருள்செல்வியைத்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று எழுதுகிறாள். இங்கிலீஷ் மாதக் கடைசி சனிக்கிழமை ரயிலில் ராஜபாளையம் வருவாள். பாய் எழுதியதில் வேண்டியதைப் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போவாள்.

அருள்செல்விக்கு நாலு வயது. இன்று இட்லியை இடது கையால் தின்றாள். சேவலைக் கண்டு அழுதாள்.

ஆடி 19

புளியங்கொட்டைகளைப் பெரிது, சிறிது என்று பிரித்து வைத்தாள். நான் எடுத்து ஒன்றாகக் கலந்தேன். ஒன்றும் சொல்லாமல் மறுபடி பிரித்தாள்.

ஆவணி 14

ஞானபாக்கியம் வந்தாள். பாசி கோர்க்கவும் மணல் தட்டில் விரலால் எழுதவும் காகிதம் மடிக்கவும் கற்றுக்கொடுக்கிறார்களாம். தலைமை டீச்சர் பேர் வேதமணி. கண்டிப்பான மனுஷி. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே ஞானபாக்கியம் எல்லாம் சொன்னாள். பிள்ளை அவள் வளையலைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அண்ணன் வில்சன் சாத்தூரிலிருந்து வந்து போனான். அவன் பெண்சாதி படுக்கையில் கிடக்கிறாள். சோறு ஆக்க ஆள் வேண்டும். ஒரு வருடம் பொறுப்பானாம். சர்டிபிகேட் வாங்கினால் அவள் இஷ்டம், வாங்காவிட்டால் சாத்தூருக்கு வந்துவிட வேண்டுமாம். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

புரட்டாசி 2

ஒன்றுமில்லை. தூங்கினாள்.

கார்த்திகை 28

புது ராஜா ஒரு பொம்பளைக்காகப் பட்டத்தை விட்டுவிட்டாராம். பாய் கடையில் அதே பேச்சு. "நமக்கு ஆருஞ் சொல்லலியே அண்ணாச்சி, இப்படியும் ஒரு வழி இருக்குன்னு" என்றார். அவர் பீவி ரஹ்மத் உள்ளேயிருந்து, "விடுறதுக்கு ஒமக்கு என்ன பட்டமா இருக்கு, தராசுதான் இருக்கு" என்றாள்.

அருள்செல்வி சிரித்தாள். என்னவென்று தெரியாமலே சிரித்தாள். அதையும் எழுதச் சொன்னேன்.

தை 9

பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. கஞ்சி வேண்டாம் என்றாள்.

தை 11

பாய் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலே நடந்தேன்.

தை 12

விடியுமுன் முடிந்துவிட்டது.

தை 15

ஞானபாக்கியம் வந்தாள். அடக்கம் ஆனது. இன்று திரும்பிப் போகிறாள். விடுதியில் மாமனாருக்குச் சுகமில்லை என்று சொல்லித்தான் லீவு வாங்கியிருக்கிறாள்.

அழவில்லை. பிள்ளையின் பாவாடையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். புறப்படும்போது சொன்னாள்:

"மாமாவுக்கு எப்படி இருக்குன்னு கேப்பாக. சுகமாயிட்டுன்னு சொல்லணும், இல்லையா மாமா?"

ஆமாம் என்றேன்.

தை 22

இட்லிக்கு மாவு அரைக்கவில்லை.

தை 23

அரைக்கவில்லை.

தை 30

பாய் கேட்டார், என்ன எழுத என்று. ஒன்றுமில்லை என்று எழுதச் சொன்னேன். எழுதினார்.

மாசி 3

ஞானபாக்கியம் லீவு இல்லாத நாளில் வந்தாள். கடையிலிருந்து பாயையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பாடம் பாதியில் நின்றால் சர்டிபிகேட் கிடையாது. வேறு பிள்ளையை எடுத்தால் முதலிலிருந்து வருடம் தொடங்க வேண்டும், வில்சன் காத்திருக்க மாட்டான். பிள்ளை செத்துவிட்டது என்று சொன்னால், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் எண்ணெய் விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அவிய, உங்க மகன், சின்னதுல என்னென்ன செஞ்சாகன்னு சொல்லுங்க மாமா. உங்களுக்கு ஒண்ணும் மறக்காதே. பாய் எழுதட்டும்."

பாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"செத்த பிள்ளைய நடக்க வைக்கச் சொல்லுதியேம்மா" என்றார்.

அவள் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

மாசி 4

ராபர்ட்டுக்கு நாலு வயது. அய்யனார் கோவில் ஆற்றில் அவனைக் குளிப்பாட்டினேன். கூழாங்கல்லை வாயில் போட்டு அடக்கிக்கொண்டான். வீடு வரும்வரை துப்பவில்லை.

பாடத்துக்கான தாளில் பாய் "பிள்ளை" என்று எழுதினார். பேர் எழுதவில்லை.

மாசி 10

தெருவில் ஓட்டுக் கேட்டுக் கொட்டு அடித்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளை பம்பரம் விட்டது. வலது கையில் சாட்டை. சுற்றி முடித்தபின் தானும் ஒரு சுற்று சுற்றி விழுந்தது.

இதெல்லாம் சொல்லும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை? பாய்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மாசி 21

பிள்ளை சேவலைத் துரத்தியது.

பங்குனி 14

மாதக் கடைசிக்கு வந்து எழுதி எடுத்துக்கொண்டு புறப்பட்டவள், கொஞ்சம் நின்று, "நெசமாவே கல்ல வாயில வச்சிருந்தாகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எங்கிட்ட சொன்னதே இல்ல" என்றாள். அவனுக்கே நினைவு இருந்திருக்காது.

பங்குனி 20

வேதமணி டீச்சர் வந்தார். சொல்லாமல் வந்தார். ரயிலடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார், செருப்பெல்லாம் புழுதி. பெட்டி மேல் உட்காரச் சொன்னேன்.

"பெரியவரே, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்கணும்" என்றார்.

அடுத்த வீட்டில் பிள்ளை இல்லை. பாயின் பிள்ளைகள் எல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டார்கள்.

டீச்சரே மேலே சொன்னார். தை வரைக்கும் இடது கைப் பிள்ளை, சேவலுக்குப் பயந்த பிள்ளை. மாசியில் வலது கையால் பம்பரம் விடுகிறது, சேவலைத் துரத்துகிறது. முப்பது வருடமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன், ஒரு பிள்ளை அப்படி மாறாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"மாசியிலேருந்து எழுதுன பிள்ளை யாரு?"

"எம் மகன்."

"அவர் எங்கே?"

"போன வருசம் மாசியில போயிட்டான்."

"முன்னால எழுதுன பிள்ளை?"

"அவன் மக."

அவர் அவள் எங்கே என்று கேட்கவில்லை. சுவரில் ஆணியில் பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். முழுக்கக் குடித்தார்.

"விடுதிக் கட்டில்ல அந்தப் பொண்ணு எப்படித் தூங்குதுன்னு நான் பாத்திருக்கணும்" என்றார். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மாசியிலிருந்து எழுதியது செல்லாது என்றார். பொய் எழுதியதற்கு ஞானபாக்கியம் எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும் என்றார். தை வரைக்கும் எழுதியது செல்லும். மீதிக்கு உயிரோடு இருக்கிற பிள்ளை ஒன்றைப் பார்த்து, கோடை விடுமுறையிலும் விடுதியில் தங்கி எழுத வேண்டும். வில்சன் வைத்த கெடுவைச் சொன்னேன். அவனிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

"அவன் வம்பு பண்ணுவான் அம்மா" என்றேன்.

"நானும் பண்ணுவேன்" என்றார்.

ஈஸ்வர வருடம், சித்திரை 18

ஞானபாக்கியம் நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னாளாம். பாதியில் யாரோ ஒருத்தி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாளாம்.

அன்றைக்குத்தான் அழுதாளாம். மூன்று நாள்.

ஆடி 2

வில்சன் வந்தான். டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்தான். "அந்தம்மா கிட்ட மனுசன் பேச முடியுமா" என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனான்.

ஐப்பசி 11, மம்சாபுரம்

ஞானபாக்கியத்துக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு டீச்சர் வேலை. வீட்டை அடைத்துவிட்டு நானும் வந்துவிட்டேன். பாய் பஸ் வரைக்கும் வந்தார். இனி எழுதுவது அவள். பாய் எழுத்து பெரிது என்றும் தன் எழுத்து சிறிது என்றும் சொல்கிறாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

காலையில் உபதேசியார் வந்தார். புதிதாகக் குடிவந்தவர்களைச் சபையில் சேர்க்க வேண்டுமாம். உங்கள் குடும்பத்தில் யார் யார் என்று கேட்டார். என் பெண்சாதி பாலம்மாள் என்றேன். ராபர்ட் என்றேன். அருள்செல்வி என்றேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். அவர்களை எங்கே காணோம் என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்தப் பேர்களை மெதுவாக அடித்துவிட்டு, "இருக்கிறவங்க பேரு மட்டும் சொல்லுங்க தாத்தா" என்றார்.

ஞானபாக்கியம் என்றேன்.