பரிசலில் எதிர் இடம்

18-5-1969, ஞாயிறு.
பூசை முடிந்து வீடு திரும்பியபோது மணி 8.40. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஞானராஜ் விடுப்பில் வந்திருக்கிறான். வியாழன் முதல் சனி வரை, ஒகேனக்கல்லுக்குக் கீழே பரிசலில் சென்று, மணல்திட்டில் கூடாரமடித்து, மீன் பிடித்து உண்ண வேண்டுமாம். அறுபத்து மூன்று வயதில் எனக்கு இது தேவைதானா? இருப்பினும் இசைந்தேன். இசைந்த பிறகே சொன்னான்: இண்டூரில் நிலம் பார்க்கும் என் தம்பி சவரியும் வருகிறானாம்.

மறுத்துவிட்டேன்.

"பத்து வருசமாப் பேசாம இருக்கீங்க. அது போதாதுங்களா?" என்றாள் என் மனைவி மதலேனம்மாள்.

பத்து அல்ல, ஒன்பது ஆண்டு, ஆறு மாதம், பதினாறு நாள் என்று திருத்தினேன்.

"அதையும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

19-5-1969, திங்கள்.
காரணத்தை எழுதி வைப்பது நல்லது. அம்மா இறந்தது 12-2-1959. இறப்புப் பதிவேட்டில் அவ்வாறே உள்ளது. அப்போது நான் ராமநாதபுரத்தில் பதிவு அலுவலக எழுத்தர். சவரியே அம்மாவின் அருகில் இருந்தான். அவ்வாண்டு கல்லறைத் திருநாளன்று (நவம்பர் 2) இண்டூர் சென்று பார்த்தால், சிலுவைக் கல்லில் 11 என்று வெட்டியிருக்கிறான். பதினொன்று லூர்து மாதா திருநாள். அந்தப் பெருமைக்காகப் பெற்றவளின் சாவுத் தேதியையே மாற்றினாயா என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

போவதென்று முடிவு. பேசுவதாக முடிவில்லை.

22-5-1969, வியாழன்.
மதலேனம்மாளும் உடன் வந்தாள். துறையில் பரிசல்காரர் காளியப்பன் எங்களைக் கண்ணாலேயே எடை போட்டார். பரிசலில் ஒரு கனத்துக்கு எதிரே அதே கனம் அமர வேண்டுமாம்.

"அய்யா, நீங்க இப்படிக் குந்துங்க. எதிர்ல அந்த அய்யா வரட்டும். ரெண்டு பேரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கீங்க, சரியாப் போச்சு!"

ஞானராஜ் சிரிப்பை அடக்க இருமினான். முழங்காலோடு முழங்கால் இடித்தது. முகத்தைத் திருப்பினேன். "அசையாதீங்க சாமி, சாஞ்சிரும்!" என்று அதட்டல். பரிசல் சுழன்றது. மலை சுற்றியது, கரை சுற்றியது. சவரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான்.

அவன் மீசை முழுவதும் வெளுத்துவிட்டது. எப்போது?

23-5-1969, வெள்ளி.
வெள்ளி எங்களுக்கு இறைச்சி விலக்கும் நாள், மீனுக்குத் தடையில்லை. மதலேனம்மாள் என்னை நம்பாமல் கருவாடும் கொண்டுவந்திருந்தாள். மணி 7.15-க்குக் கேழ்வரகு உருண்டையைத் தூண்டிலில் கோத்துப் போட்டேன். 9.05-க்கு ஒரு கெண்டை. நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"எழுதுங்க, எழுதுங்க. மீன் செத்த தேதி தப்பாயிரப் போவுது" என்றான் சவரி. என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

"கல்லில் தப்பாக வெட்டியவன் பேசாதே" என்றேன்.

அவன் தூண்டில் முள்ளை மீன் வாயிலிருந்து பொறுமையாகக் கழற்றினான். என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"ஆத்தா புதன்கெழம சாயங்காலமே போயிருச்சுண்ணா. விபூதிப் புதன். உங்களுக்குத் தந்தி குடுத்துட்டு வந்து பாத்தா மூச்சு இல்ல. வெளிய சொன்னா வியாழக்கெழமையே மண்ணு போட்டிருப்பாங்க. நீங்க வந்து சேர வெள்ளி ஆயிரும். மொகம் பாக்க வேணாமா? அதான் நானும் எம் பொண்டாட்டி பாக்கியமேரியும் கதவைச் சாத்திக்கிட்டோம். மறுநாள் மத்தியானம்தான் வாய்விட்டு அழுதோம். ஊர்க் கணக்குப்புள்ள பதிவேட்டுல அந்தத் தேதியத்தான் எழுதினாரு. கல்லுலயும் பொய்ய வெட்டச் சொல்றீங்களா?"

"ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? தீர்ப்பில்ல சொன்னீங்க."

ஓர் இரவும் அரைப் பகலும் அழாமல் உட்கார்ந்திருந்தானா? எனக்காகவா? அடப்பாவி, அதைப் போயி —

மதலேனம்மாள் கெண்டைகளைக் குழம்பு வைத்தாள். சவரி முள் எடுத்து என் இலையில் வைத்தான். சிறுவயதில் நான் அவனுக்குச் செய்தது.

24-5-1969, சனி.
திரும்பும்போது காளியப்பன் சொல்லுமுன்பே சவரிக்கு எதிரே போய் அமர்ந்தேன்.

26-5-1969, திங்கள்.
1959-ஆம் ஆண்டு நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். பிப்ரவரி 13, என் கையெழுத்து: "காலை 6.20-க்கு வந்து சேர்ந்தேன். அம்மா முகம் பார்த்தேன். வீடெல்லாம் சாம்பிராணி, அளவுக்கு மிஞ்சி. சவரிக்குச் சிக்கனம் தெரியாது."

எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் பார்க்கவில்லை.

11-2-1970, புதன்.
1959-க்கும் இவ்வாண்டுக்கும் நாட்காட்டி ஒன்றே. இன்றும் விபூதிப் புதன். காலை 7.10 பேருந்தில் இண்டூர் சென்றோம். நெற்றிச் சாம்பலோடு நானும் சவரியும் கல்லறையில் நின்றோம். "கல்லுல எதாவது திருத்தணும்ங்களா?" என்று கேட்டான், கள்ளப் பயல். சுண்ணாம்பு உதிர்ந்திருந்ததால் எண்களைத் துடைத்தேன். ஒன்று, ஒன்று. நன்றாகவே வெட்டியிருக்கிறான்.

அம்மாவின் பதினோராம் ஆண்டு நினைவு நாள்.

12-2-1970, வியாழன்.
குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை.