அவளைப் போல இல்லாத மூக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. மாமாவின் ரத்த அழுத்தம் இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிட்டு வீரம் பேசினால் நான் திட்டியதாகச் சொல். நான் நலம் என்று எழுத முடியவில்லை. போனில் உன் பெரியவள் பேச்சை எடுத்தாலே அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தையாவது கடைசிவரை படி.

செவ்வாய்க்கிழமை அவள் என் கிளினிக்குக்கு வந்தாள். சித்தியைப் பார்க்க வருகிற மாதிரி இல்லை. டோக்கன் வாங்கி, சைனஸ்காரர்களுக்கும் காது அடைத்தவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, முறை வந்ததும்தான் உள்ளே வந்தாள். சளியாக இருக்கும் என்று விளக்கை அடித்துப் பார்த்தேன். சளியெல்லாம் இல்லை. "மூக்கை மாத்தணும் சித்தி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கும் முழியுமாக இருக்கிற பெண்ணுக்கு இது என்ன கிறுக்கு? மூக்கைத் திருத்திக்கொள்ள வருகிறவர்களிடம் எந்த மாதிரி வேண்டும் என்று ஒரு படம் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். பாதிப் பேர் நடிகை படத்தை நீட்டுவார்கள்; அந்த நடிகைக்கே அது பிறவி மூக்காக இருக்காது. உன் படம் எங்கேடி என்று கேலியாகத்தான் கேட்டேன். "யார் மூக்கு மாதிரியும் வேண்டாம் சித்தி. தங்கச்சி மூக்கு மாதிரி இல்லாம இருந்தா போதும்" என்றாள்.

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினாள். இரட்டையில் சின்னவளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்ததிலிருந்து நீ இவளை நிமிர்ந்தே பார்ப்பதில்லையாம். விடுமுறைக்கு வந்தவளுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டாயாம். வீடியோவில் கூப்பிட்டால், "முகத்தைக் காட்டாதடி, குரல் போதும்" என்கிறாயாம். "என்னைப் பார்த்தா அம்மாவுக்கு அவதான் தெரியுறா. நான் இருக்கிறதே தெரியல" என்றாள். அழவில்லை அக்கா. அழுதிருந்தால் தேவலை.

உன் வலி எனக்குத் தெரியாதா? அவள் கதவைத் திறந்தபோது எனக்கும் ஒரு நொடி சின்னவள்தான் வந்தாள். ஆனால் இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்து சளி பார்த்தவள் நான். பெரியவளுக்கு உள்ளே மூக்குத்தண்டு இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், சின்னவளுக்கு நேர். உனக்கு அந்த விளக்குகூட வேண்டாம். நடந்து வரும் சத்தத்திலேயே எது யார் என்று சொல்கிறவள் நீ.

செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூச்சு நன்றாகப் போகிற, அழகான மூக்கில் இந்தக் காரணத்துக்காக நான் கத்தி வைக்க மாட்டேன். ஆனால் அவள் குழந்தையா, பிடித்து நிறுத்த? வேறொரு டாக்டரிடம் அடுத்த மாதத்துக்குத் தேதியே வாங்கிவிட்டாள். போகும்போது வாசலில் நின்று, "மூக்கு மட்டும் மாத்தினா போதுமா சித்தி, கண்ணையும் மாத்தணுமா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் வந்தவர்களை நான் பார்க்கவில்லை. நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன் அக்கா.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவோம், எடு. ஆறுதலாக எதுவும் சொல்ல வேண்டாம், உனக்கு அதெல்லாம் வராது. அழுகை வந்தால் அழு. முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதே. அவளைப் பார்த்துக்கொண்டே அழு.

உன் காலைப் பிடித்துக் கேட்கும்
தங்கை