மீன் லொறியில் வந்த வாக்குகள்

எத்தாளை,
பெப்ரவரி மாதம், தேர்தல் முடிந்த கிழமை.

அன்பு மகன் ஜெனிஸ்டனுக்கும் மருமகள் றோஸ்மேரிக்கும்,

தலவில அன்னம்மாள் தயவில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். இத்தாலியில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போகவும்.

கையெழுத்தைப் பார்த்து, இதை யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிப்பாய். ஒருவரும் இல்லை மகன், நானேதான். போன விடுமுறையில் கம்பஸிலிருந்து வீட்டுக்கு வந்த உன் மகள் சுஜாந்தி, வாங்கோ அப்பப்பா என்று என்னைப் பிடித்து உட்கார்த்தி எழுத்துப் படிப்பித்தாள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போகிறது. எழுதும்போது நாக்கு வெளியே வருகிறது என்று அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பாலாவிச் சந்தியில் நின்று, இந்த பஸ் எங்கே போகிறது தம்பி என்று இனி யாரிடமும் கேட்க மாட்டேன். ஏற வேண்டிய தேவை இல்லாத நாளிலும் நின்று போர்டை வாசிக்கிறேன். உப்புப் பையில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்.

ஆனால் வாசிக்கத் தெரிந்தவன் நல்லதை மட்டும் வாசிக்க முடியாது போலிருக்கிறது. நான் முதன்முதல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசித்தது, ஞானஸ்நானத்தில் உன்னை ஏந்தி நின்ற உன் ஞானத்தகப்பன் அன்ரனிப்பிள்ளை முதலாளியின் தேர்தல் நோட்டீசை. ‘இளைஞர்களின் தோழன்’ என்று அவருடைய படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த நோட்டீசைக் கருவாட்டுக்குக் கீழே விரித்துவிட்டேன். அவர் உனக்கு போனில் ஒரு கதை சொல்லியிருப்பார். நடந்ததை நானும் சொல்கிறேன், கேள்.

வைகாசியில் தொடங்குகிற சோளகக் காற்றில் இங்கே கடல் கெட்டுவிடும், உனக்குத் தெரியும். சண்டை முடிந்த பிறகு ஊரில் பாதி அந்த மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கம் போய், கரையில் ஓலையால் வாடி அடித்துத் தங்கித் தொழில் செய்கிறது. நானும் அம்மாவும் சமையலுக்குப் போகிறோம். போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோம். நீயும் அப்படித்தான் கொடுத்தாய். வாக்காளர் பதிவுப் படிவம் வருவதும் அந்த மாதங்களில்தான். பூட்டிய வீடுகளின் படிவங்களை முதலாளியே வாங்கி, எங்களுக்குப் பதிலாக நிரப்பிக் கொடுத்துவிடுவார். திறப்பை நம்பிக் கொடுத்தவர்கள் படிவத்துக்கா சந்தேகப்படுவோம்? நல்ல மனுசன், நமக்கு ஒரு அலைச்சல் மிச்சம் என்றுதான் நினைத்தோம்.

இந்தத் தடவை பிரதேச சபைக்கு அவரே வோட்டுக் கேட்டார். கண்டியில் கம்பஸிலும் கல்லூரியிலும் படிக்கிற பிள்ளைகள் தனக்குப் போட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஊரில் அப்படி ஒன்பது பிள்ளைகள். ஒன்பது பேருடைய பெயரையும் எழுதாமல் விட்டுவிட்டார். ஆனால் இரண்டு வருசத்துக்கு முதல் கடலில் போன நம்முடைய கபிரியேலின் பெயரை மறக்காமல் எழுதியிருக்கிறார். உயிரோடு இருக்கிற பிள்ளை இல்லை, செத்தவன் இருக்கிறான். 

விடுமுறைக்கு வந்த சுஜாந்திதான் பட்டியலை ஒட்டியிருந்த இடத்தில் போய்ப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அவளோடு படிக்கிற நிஸ்மியா என்ற கற்பிட்டிப் பிள்ளை, பெயரைச் சேர்க்க விண்ணப்பிக்கிற முறையைச் சொல்லிக் கொடுத்தது. கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட இவர்கள் பாதரிடம் கேட்டார்கள். கோயிலுக்குள் அரசியல் வேண்டாம் பிள்ளைகள் என்றார். திருநாளுக்கு அதே மண்டபத்து வாசலில் முதலாளியின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. அது அரசியல் இல்லையாம், உபயமாம்! அன்றைக்கு நற்கருணை வாங்கும்போதுகூட நான் பாதருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பாவம் என்றால் பாவமாகவே இருக்கட்டும்.

பிள்ளைகள் நம்முடைய வலைக் கொட்டிலில் மேசை போட்டார்கள். முதலாளி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, உங்களுக்கெல்லாம் வோட்டு எதுக்குப் பிள்ளைகள், சோதினையைப் பாஸ் பண்ணுற வழியைப் பாருங்கோ என்றார். உன் மகள் தலையை நிமிர்த்தவே இல்லை. சோதினை பாஸ்தான் முதலாளி, கபிரியேல் மாமாவும் வோட்டுப் போட வருவார்தானே, அவருக்குப் பின்னால லைனில நிக்கத்தான் பேர் பதியிறம் என்றாள். கொட்டிலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வாய் நீண்ட பிள்ளை, தகப்பனுக்குச் சொல்லுறன் என்று போனார். சொல்லியும் விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தாய். சத்தமாக வைத்திருந்ததால் அம்மாவும் நானும் கேட்டோம். ஞானத்தகப்பனை எதிர்க்கிற பிள்ளை எனக்கு வேண்டாம், இந்த வேலையை விடும் வரைக்கும் என்னோட கதைக்காதே என்றாய். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீன் கழுவப் போனாள். கழுவிய மீனையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அம்மா போய்ச் சட்டியைப் பறிக்க வேண்டியதாயிற்று.

உன்னை இத்தாலிக்கு அனுப்ப முதலாளி அலைந்ததை நான் மறக்கவில்லை. அதற்காக நான் அவர் காலில் விழச் சொன்னாலும் விழுவேன். ஆனால் அவர் உனக்குச் செய்த உதவிக்கு உன் மகளுடைய வாயைக் கட்டிக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

அவள் விடவில்லை. விடுதியில் இருக்கிறவர்கள் ஊரார் இல்லை என்று முதலாளியின் ஆட்கள் ஆட்சேபம் போட்டார்கள். விசாரணைக்குப் புத்தளத்துக்கு நானும் போனேன். இது என்னுடைய வீடு, இவள் என்னுடைய பேத்தி, விடுமுறை விட்டால் வேறு எங்கே ஐயா போவாள் என்று கேட்டேன். பிறகு அவர்கள் காட்டிய இடத்தில் என் பெயரை எழுதினேன். கைநாட்டு வைக்க மை தடவிய பெட்டியை அந்த அதிகாரி என் பக்கம் தள்ளியிருந்தார். நான் எழுதத் தொடங்கியதும் மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிசத்துக்காக மட்டும் இன்னொரு தடவை விசாரணை வைத்தாலும் போவேன் மகன்! ஒன்பது பெயரும் சேர்ந்தது.

பெயர் இருந்தால் போதுமா? தேர்தல் சனிக்கிழமை. பிள்ளைகளுக்கு வெள்ளி மாலை வரை கண்டியில் சோதினை. அதற்குப் பிறகு ஓடுகிற பஸ்ஸையெல்லாம் கட்சிக்காரர் பிடித்துவிட்டார்கள். முதலாளியும் கண்டிக்கு ஒரு பஸ் அனுப்பினார். சாப்பாட்டுப் பார்சலும் உண்டு, ஆனால் அவருடைய சின்னம் போட்ட தொப்பியோடு படம் எடுத்த பிறகுதான் ஏறலாம். இரண்டு பையன்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்கள். அவர்களுடைய பெயரைப் பதியவும் வெயிலில் நின்றவள் உன் மகள். அவர்கள் இப்போது என்னைக் கண்டால் வேலிப் பக்கமாகப் போகிறார்கள்.

மிச்சம் ஏழு பேர். கற்பிட்டி ஜௌபர் கண்டிச் சந்தைக்கு மீன் ஏற்றிப் போய், வெறும் லொறியோடு திரும்புகிறவன். வரும்போது பிள்ளைகளை ஏற்றி வரச் சொன்னேன். நாறுமே காக்கா என்றான், அவர்களுக்கு அண்ணன் என்றால் காக்காதான். நாறட்டும், வந்து சேர்ந்தால் போதும் என்றேன்.

நான் காலையிலேயே போட்டுவிட்டேன். வோட்டுச் சீட்டில் இருந்த கட்சிப் பெயர் ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். கிழவன் உள்ளே நித்திரையா என்று வெளியே யாரோ கேட்டது எனக்குக் கேட்டது. கேட்டும் அவசரப்படவில்லை. இத்தனை வருசமும் சின்னத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடி வந்தவன் அல்லவா. பிறகு, வோட்டுப் போட்ட அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குருநாகல் தாண்டி லொறிக்கு டயர் போய்விட்டதாம். பெட்டி மூடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கபிரியேலின் பெண்சாதி பிலோமினா அப்போதுதான் வரிசைக்கு வந்தாள். அங்கே பெயரை உரக்க வாசிப்பார்கள் அல்லவா, காலையில் கபிரியேலின் பெயரை வாசித்ததை வரிசையில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். நட்ட ஈடு எடுத்துத் தருகிறேன் என்று முதலாளி வாங்கி வைத்த அடையாள அட்டையோடு எவனோ ஒருவன் வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதை அவளிடம் சொன்னார்கள். அவள் அழவில்லை. அந்த மனுசன் இனி வந்தா வீட்டுக்கும் ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லுங்கோ என்றாள்.  நான் ஓரமாகப் போய்க் காறித் துப்பினேன். பள்ளிக்கூட நிலம், துப்பியிருக்கக் கூடாது. ஆனால் விழுங்க முடியவில்லை.

அந்த நேரம்தான் லொறி வந்தது. ஏழு பேரும் குதித்து ஓடி வந்தார்கள். உடுப்பு நனைந்து, தலையெல்லாம் செதிள். கட்சி முகவராக உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளியின் மருமகன் மூக்கில் லேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு, இதுகளை உள்ளே விட்டால் மற்றவர்களுக்குச் சத்தி வாந்தி வரும் என்றானாம். மீன் விற்ற காசில் மாடி கட்டினவர்கள்! அவனுக்கு மீன் நாறுகிறதாம்! நல்ல வேளை, அங்கே பொறுப்பாக இருந்த அதிகாரி ஒரு சிங்களப் பிள்ளை. வாசத்துக்குச் சட்டம் இல்லை, அட்டையைக் காட்டுங்கள் என்று உடைந்த தமிழில் சொல்லி உள்ளே எடுத்தாள். சுஜாந்தி வெளியே வந்து மை பூசிய விரலை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். அது மீன் நாற்றம்தான். எனக்கு மணமாக இருந்தது.

முதலாளி வென்றுவிட்டார். ராத்திரி வெடி கொளுத்தினார்கள். உனக்கும் அந்தச் சத்தத்தை போனில் கேட்கவைத்திருப்பார். வாழ்த்துச் சொல்லியிருப்பாய். சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. இவ்வளவு பாடுபட்டும் அவர்தானே அப்பப்பா வந்தார் என்று சுஜாந்தியும் சொன்னாள். வரட்டும், ஆனால் உன்னைக் கடந்துதானே வந்தார் என்று சொன்னேன். திறப்பை மட்டும் இனி நம்முடைய வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று அம்மா முடிவெடுத்திருக்கிறாள்.

மகன், அவள் ஞாயிறு பின்னேரம் கண்டிக்குத் திரும்பிவிட்டாள். போகுமுன் லொறியில் எடுத்த படங்களை அம்மாவுக்குக் காட்டச் சொல்லி போனை என்னிடம் தந்தாள். எனக்கு அதில் எங்கே தொடுவது என்று தெரியாது. எங்கேயோ தொட்டேன், பெயர்கள் வந்தன. விடுவேனா, வாசித்தேன். உன்னுடைய இலக்கத்துக்கு மேலே ‘அப்பா’ என்று இருந்தது. மாற்றவில்லை, அழிக்கவில்லை. நீ கதைக்காதே என்று சொல்லி இத்தனை மாதத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது.

தேர்தலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். முதலாளியைப் பற்றியும் வேண்டாம். கதைக்க ஒன்றும் வரவில்லை என்றால், சாப்பிட்டாயா என்று கேள். இந்தக் கடிதம் கையில் கிடைக்கிற அன்றைக்கே, அந்தப் பெயரோடு அவளுடைய போன் ஒரு தரம் அடிக்கட்டும்.

அன்னம்மாள் உங்கள் இருவரையும், கண்டி விடுதியில் இருக்கிற அந்த ஒருத்தியையும், ஒரே கையால் தொட்டு ஆசீர்வதிப்பாளாக.

இப்படிக்கு, தன் கையால்,
உன் அப்பா
பஸ்தியான்