தாசனின் ஆறு தட்டு

செவ்வாய். நல்ல வெயில்.
நீலசந்திராவில் போர்வெல் வற்றி, குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடினோமே, அந்த வருடம்தான் இது. அதே கோடையில் தம்பி தாசனுக்கு வலது கை விழுந்து பேச்சும் போனது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, போன் எழுதிக்கொள்கிறது.

அடுகோடியில் அவன் வீடு. பேச்சுப் பயிற்சிக்கு வரும் கன்னடப் பெண், இவர் வாயில் அடிக்கடி வந்த வார்த்தை எது என்று கேட்டாள். பழகினதுதான் முதலில் திரும்புமாம். தம்பி மனைவி சுகுணா 'காபி' என்றாள். நான் சொன்னேன்: ரெஸ்பான்சிபிலிட்டி. பீன்யா கம்பெனியில் ஃபோர்மேன் ஆனதிலிருந்து அதே பாட்டு. லேட்டாக வந்தவனுக்கு அது. எண்ணெய் சிந்தியவனுக்கு அது. எந்த வேலையிலும் நிலைக்காத எனக்கு, பண்டிகை தவறாமல்.

"ஆமா மாமா, என்னையும் அதாலதான் திட்டுவாரு." சுகுணாவுக்குச் சிரிப்பு. அப்புறம் கண்ணீர்.

புதன். மூடாக்கு.
பயிற்சிப் பெண் வார்த்தையை ஆறாக உடைத்தாள். ரெஸ், பான், சி, பி, லி, டி. ஒவ்வொன்றுக்கும் அவன் இடது கையால் தொடையில் ஒரு தட்டு. "நாலாவது ஜோரா, அழுத்தி, தாத்தா" என்றாள். தட்டு வந்தது. வாயில் காற்று மட்டும்.

வியாழன்.
முன்பாதி 'பதில்', பின்பாதி 'முடியும்' என்று அர்த்தம் பிரித்துச் சொன்னாள். பதில் சொல்ல முடிவது. தாசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளி. கரண்ட் இல்லை.
அந்த வார்த்தைக்குப் பயந்தே எத்தனை ஞாயிறு போகாமல் இருந்தேன். சுகுணா கறி எடுத்துவிட்டுக் கூப்பிடுவாள். வயிறு சரியில்லை என்பேன். இப்போது அதைக் கேட்கத்தான் பஸ் ஏறுகிறேன். என்ன புத்தியோ.

சனி. தூறல்.
பயிற்சிப் பெண் வரவில்லை. நானே அவன் கையைப் பிடித்துத் தட்டினேன். ரெஸ், பான், சி வரை நான். 'பி' அவன் வாயாலேயே. அழுத்தமாக. லி, டி, அவனே. பிறகு என் முகத்தைப் பார்த்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல்:

"உனக்கு... இல்ல."

சுகுணா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். என்ன சொன்னாரு என்று கேட்டாள். திட்டினான் என்றேன்.

அப்பா போயாச்சு. அம்மா, கமலா அக்கா, எல்லாரும். என்னைத் திட்ட உயிரோடு இருப்பது தாசன் மட்டும்தான்.