காணாமல் போன அறுநூறு புகார்கள்

மார்ச் 4, செவ்வாய்
குடிநீர் அலுவலகத்தில் மத்தியானம் மின்சாரம் போனது. பேட்டரியும் கைவிட்டது. மாலையில் கணினி உயிர் பெற்றதும் புகார் ஜன்னலில் மறுபடி அதே கூட்டம்.

மார்ச் 6, வியாழன்
குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டு ரசீதுகளை மேலாளரின் மேஜையில் வைத்தார். செவ்வாய் காலை அவர் கொடுத்த புகாரின் எண் 1412. அன்று மாலை அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது 2001.

"ஒரே நாள்ல அறுநூறு பேரா வந்தாங்க? நடுவுல இருந்ததையெல்லாம் யாரு தூக்குனது?"

கேட்டது மேலாளரை, பார்த்தது என்னை. அந்த ஜன்னலில் நான் ஒருத்திதானே. எண்ணைக் கணினியே போடுகிறது என்றேன். விசாரிப்போம் என்றார் மேலாளர்.

மார்ச் 7, வெள்ளி
விசாரணை முடியும்வரை கோப்பு அறை. கணினியைத் தொடக் கூடாதாம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "எங்கிட்ட மட்டும் சொல்லு. யாராவது சொல்லி எதையாவது அழிச்சியா?"

இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷன். வேற யாரு கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

மார்ச் 10, திங்கள்
யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

மார்ச் 12, புதன்
மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மேலாளர் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கணினி எண்களை ஒவ்வொன்றாக எடுப்பதில்லையாம். ஆயிரத்தை மொத்தமாக எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுமாம். திடீரென அணைந்தால் மிச்சம் போய்விடும்; அடுத்த ஆயிரத்திலிருந்து தொடங்கும். அறுநூறு புகார்கள் அழியவில்லை. அவை வரவே இல்லை.

"அது கம்ப்யூட்டர் தனக்குன்னு வெச்சுக்குற அடையாளம் சார். விட்டுவிட்டுத்தான் வரும். அதை ரசீதுல அடிச்சு மக்கள் கையில கொடுத்திருக்கவே கூடாது. ரசீதுக்குத் தனியா ஒரு நம்பர் வேணும்."

மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார்.

மார்ச் 24, திங்கள்
மறுபடி என் ஜன்னல். ரசீதில் இனி தேதியும் அன்றைய வரிசை எண்ணும்தான். செயலாளர் கலங்கல் தண்ணீர் என்று வந்தார். ரசீதை இரண்டு தடவை படித்துவிட்டு, தப்பா நினைச்சுக்காதம்மா என்றார். நினைக்கவில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

வீட்டுக்கு வந்தால், இவர் தன் அக்காவோடு போனில். "எனக்கு அப்பவே தெரியும்க்கா, அவ அப்படியெல்லாம் செய்றவ இல்லன்னு."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. அவருடைய சட்டைகளை மட்டும் மடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தேன்.