கரண்டி எண்ணும் நேரம்

மதியம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். உன்னோடு வேலை பார்க்கும் சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்ன நேரம் அது. டியூட்டி முடிந்து வரும்போது போத்தனூர் பக்கம் வண்டியோடு தடுப்புச் சுவரில் மோதிவிட்டாய், உயிர் இல்லை என்றார். நான் காந்திபுரத்தில் சார்ஜர் வாங்கிக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பிரித்து, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

இன்று காலை உங்கள் மனநல ஆஸ்பத்திரி மேலாளர் கூப்பிட்டார். "தம்பி, ஊழியர் நலனுக்கு நம்ம ஆஸ்பத்திரிக்குப் பரிசு வரும்போல இருக்குதுங்க. நீங்க செஞ்ச சாப்பாட்டு ஆப் கிராஃப் மட்டும் அனுப்பிவிடுங்க. அம்மணிக்கும் பெருமைதானுங்களே." சரிங்க என்றேன். அதிலிருந்து உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன்.

நர்ஸ்கள் வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டபோது, "எங்க ஊட்டுக்காரரு ஆப் செய்வாருங்க" என்று நீதான் என்னை மாட்டிவிட்டாய். ஒரு மணிக்கு எல்லார் போனிலும் மணி அடிக்கும், சாப்பிட்டாச்சா என்று கேட்கும். ஆமாம் என்றால் அடங்கிவிடும். இல்லை என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் தப்ப முடியாது என்று அதில் எனக்குப் பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஏன் அம்மணி, தெனமும் ஒரு மணிக்கே ஆமாங்கறே. நெசமாச் சாப்பிட்டயா?"

"அந்த நேரத்துக்கு நோயாளிங்ககிட்ட இருந்து தட்டு, கரண்டியெல்லாம் எண்ணி வாங்கோணுமுங்க. ஒண்ணு கொறஞ்சாலும் வார்டே தேடோணும். நடுவுல உங்க மணி அடிச்சா ஒரு அம்மா காதப் பொத்திக்கிட்டு அழுதுபோடுது. ஆமான்னு ஒரே அமுக்கு, அடங்கிப்போகுது."

"அப்ப எல்லாரும் அப்படித்தானா?"

"பின்ன? நீங்க வெச்ச மணிக்கு நாங்க வெச்ச பேரு தெரியுமா? மாமியா."

சிரித்தோம். நான் அதிகமாகவே சிரித்தேன். "அடுத்த அப்டேட்ல பாத்துக்கலாம்" என்றேன். அந்த அடுத்த அப்டேட்டை நான் செய்யவே இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அந்த சிஸ்டர் உன் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணா, மாத்தி விட ஆளு வரல. ராத்திரியும் பாத்து, பகலும் பாத்தாங்க. மூணு மணி நேரம் நின்ன எடத்துலயே நின்னாங்க. டிபன் பாக்ஸத் தொறக்கவே இல்லீங்க." நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இன்று கிராஃபைத் திறந்தேன். அழகாக இருக்கிறது. எல்லாரும் எல்லா நாளும் நேரத்துக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள். விபத்து நடந்த அன்றைக்கு நீயும் சாப்பிட்டிருக்கிறாய். மணி அடித்த இரண்டாவது விநாடியில். உன் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பெண் நேற்றும் இரண்டாவது விநாடியில்தான் அமுக்கியிருக்கிறாள். அவளும் ஸ்கூட்டரில்தான் மதுக்கரை வரை போகிறாளாம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கிராஃபை அப்படியே அனுப்பக் கை வரவில்லை.

இன்னொரு கட்டம் சேர்த்தேன்: மணி அடித்ததற்கும் அமுக்கியதற்கும் இடையில் எத்தனை விநாடி. கீழே ஒரு வரி எழுதினேன். 'இது சாப்பிட்ட கணக்கு இல்லீங்க, மணியை அடக்கிய கணக்கு. தப்பாகச் செய்தவன் நான். மதியத்துக்கு இன்னொரு ஆளைப் போடுங்க.' மேலாளருக்கும் எல்லா சிஸ்டர்களுக்கும் சேர்த்தே அனுப்பிவிட்டேன். ஆப்பிலிருந்து மணியையும் எடுத்துவிட்டேன்.

மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். கெட்டவர் இல்லை அவர். அந்த மரியாதையான குரலில் "ஏனுங்க தம்பி இப்படிப் பண்ணிப்போட்டீங்க" என்று கேட்டால், மன்னிச்சுக்கங்க, பழையதையே வெச்சுக்கங்க என்று சொல்லிவிடுவேன். உன்னிடம் சரி சரி என்றே பழகிய வாய் இது. அதனால் போனை அணைத்துவிட்டேன்.